வீடியோ விளையாட்டுப் பத்திரிகை: காசு கொடுத்து வாங்கலாமா?

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி அமெரிக்காவில் ஒரு மாதப் பத்திரிகை மூடப்பட்டது. "கேம் இன்ஃபார்மர்" என்பது அதன் பெயர். வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதுவதே அதன் தொழில். அப்போது அதற்கு வயது 33.

பத்திரிகைகள் பிறப்பதும் மறைவதும் புதிதல்ல. ஆனால் இது மறைந்த விதம்தான் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்திரிகையின் இணையதளமும் அன்றே மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அதில் சேர்ந்திருந்த விமர்சனங்கள், பேட்டிகள், கட்டுரைகள் எதையும் படிக்க வழியில்லாமல் போயிற்று. தேடிப் போனவர்களுக்கு ஒரு விடைபெறும் அறிவிப்பு மட்டுமே கண்ணில் பட்டது.

ஆனால் அச்சடித்த பிரதிகளை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர்கள் வீட்டில் இருந்த இதழ்களை யாராலும் மூட முடியவில்லை!

இந்தச் சம்பவத்தை நினைக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இன்று விளையாட்டுச் செய்திகள் அத்தனையும் கைப்பேசியில் ஓசியில் கிடைக்கின்றன. புதிதாக வந்த ஒரு விளையாட்டு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிஷம் போதும். அப்படியிருக்க, மாதா மாதம் காசு கொடுத்து ஒரு பத்திரிகை வாங்குவது புத்திசாலித்தனமா? அல்லது பழைய பழக்கத்தை விட மனமில்லாதவர்களின் பிடிவாதமா?

"எதற்கப்பா தண்டச் செலவு?" என்று தகப்பனார் கேட்கலாம். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று பையன் சொல்லலாம். இரண்டும் பதில் ஆகாது. எதை எதிர்பார்த்து வாங்குகிறோம், அது கிடைக்கிறதா என்று பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

விளையாட்டையே அச்சடித்துத் தந்த காலம்

இந்தப் பத்திரிகைகள் பிறந்த ஆண்டு 1981. அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் "கம்ப்யூட்டர் அண்டு வீடியோ கேம்ஸ்" என்ற பத்திரிகை தொடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் "எலெக்ட்ரானிக் கேம்ஸ்" வெளிவந்தது. அதை நடத்தியவர்கள் ஆர்னி காட்ஸ், பில் குங்கல், ஜாய்ஸ் வொர்லி ஆகிய மூவர். வீடியோ விளையாட்டும் விமர்சனம் செய்யத்தக்க ஒரு கலை என்று முதன்முதலாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்களே எனலாம்.

அந்தக் காலத்தில் "வாங்கலாமா?" என்ற கேள்விக்கே இடமில்லை. ஏனென்றால் பத்திரிகை வாங்கினால் விளையாட்டே கிடைத்தது! கம்ப்யூட்டருக்கு இட வேண்டிய கட்டளைகளை வரி வரியாக, பக்கம் பக்கமாக அச்சடித்திருப்பார்கள். வாசகர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் விளையாட்டு ஓடாது. சில சமயம் தவறு வாசகர் மேல் இருக்காது. அச்சிலேயே பிழை இருக்கும். அடுத்த மாதம் வரும் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படித் தட்டச்சு செய்து செய்தே கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொண்ட பையன்கள் பலர். ஆகவே கொடுத்த காசுக்குப் பொழுதுபோக்கும் கிடைத்தது, படிப்பும் கிடைத்தது.

பிறகு அட்டையோடு ஒலிநாடாவை ஒட்டித் தந்தார்கள். அந்த நாளில் பிரிட்டனில் பலர் வீட்டில் இருந்த ஸ்பெக்ட்ரம், கமடோர் கம்ப்யூட்டர்கள் ஒலிநாடாவிலிருந்துதான் விளையாட்டைப் படித்தன. அதற்கப்புறம் பிளாப்பி வந்தது. 1990-களில் குறுந்தகடு வந்தது. புது விளையாட்டின் முதல் கட்டத்தை அந்தத் தகட்டில் போட்டுத் தருவார்கள். ஆடிப் பார்த்துப் பிடித்திருந்தால் முழு விளையாட்டையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஜவுளிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பது போல.

ரகசியம் விற்ற பத்திரிகை

1988-ம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் "நிண்டெண்டோ பவர்" வந்தது. அதன் சரக்கு ரகசியம். எந்தச் சுவருக்குப் பின்னால் கதவு இருக்கிறது, எந்த அசுரனை எப்படி வெல்வது என்பதையெல்லாம் வண்ணப் படங்களோடு, வரைபடங்களோடு வெளியிட்டது. பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் யாரிடம் புது இதழ் இருக்கிறதோ அவனுக்கு அன்று தனி மரியாதை!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாட்டுகளை விற்ற நிண்டெண்டோ கம்பெனியேதான் அந்தப் பத்திரிகையையும் தொடங்கி நடத்தியது. தன் சரக்கைத் தானே விமர்சிக்கும் வியாபாரி எவ்வளவு தூரம் கண்டிப்பாக இருப்பான்? 1990-ல் "டிராகன் வாரியர்" என்ற விளையாட்டைப் புதுச் சந்தாதாரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். வாசகர்களுக்குக் கொண்டாட்டம். கம்பெனிக்கோ ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அந்த விளையாட்டும் வீடு தேடிப் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைக்கும் சந்தா சேர்ந்தது.

பத்திரிகையின் சொல்லுக்கு அன்று எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1992 ஏப்ரலில் "எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி" என்ற பத்திரிகை ஒரு ரகசியத்தை வெளியிட்டது. "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" என்ற சண்டை விளையாட்டில் ஷெங் லாங் என்ற ஒரு குருநாதர் ஒளிந்திருக்கிறார். ஓர் அடிகூட வாங்காமல் கடைசிச் சண்டை வரை போய், அங்கேயும் அடிக்காமல் அடிபடாமல் பல சுற்றுகள் தாக்குப்பிடித்தால் அவர் தோன்றுவார் என்று எழுதியது. படத்தையும் போட்டது. ஊர் ஊராக இளைஞர்கள் காசு போட்டுப் போட்டு முயன்று பார்த்தார்கள். குருநாதர் வரவே இல்லை. வருவதற்கு அப்படி ஒருவர் இருந்தால்தானே! அது ஏப்ரல் முதல் தேதிக்கான குறும்பு.

இணையம் வந்தது, சரக்கு போயிற்று

மேலே சொன்ன சரக்குகளில் இன்று எது பத்திரிகையிடம் மிச்சம் இருக்கிறது?

செய்தியா? காலையில் டோக்கியோவில் அறிவித்தால் அரை மணியில் உலகமெங்கும் தெரிந்துவிடுகிறது. அச்சுப் பத்திரிகையோ எழுதி, பக்கம் கட்டி, அச்சடித்து, லாரியில் ஏற்றி, கடைக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறது. அதற்குள் செய்தி ஆறிப்போய்விடும்.

ரகசியமா? எந்த விளையாட்டில் எங்கே மாட்டிக்கொண்டாலும் அதை ஆடிக் காட்டும் ஒரு யூடியூப் படம் இருக்கிறது.

மாதிரி ஆட்டமா? அதையும் வீட்டில் உள்ள கருவியிலேயே நேராக இறக்கிக்கொள்ளலாம்.

விமர்சனத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. முன்பெல்லாம் கடைக்கு வந்த விளையாட்டு வந்தபடியே இருக்கும். இப்போது விற்ற பிறகும் இணையம் வழியாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். 2016 ஆகஸ்டில் "நோ மேன்ஸ் ஸ்கை" வந்தபோது, சொன்னதில் பல இல்லை என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். தயாரித்த சிறிய பிரிட்டிஷ் கம்பெனி அசராமல் ஆண்டுக்கணக்கில் இலவசமாகப் புதுப்பித்துக்கொண்டே வந்தது. வெளிவந்த மாதத்தில் அச்சான விமர்சனத்தை நம்பி இன்று முடிவு செய்தால் அது நியாயமாகாது.

2020 டிசம்பரில் வந்த "சைபர்பங்க் 2077" கதை இதற்கு நேர் எதிர். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆடும் பதிப்பையே கொடுத்தார்கள், புகழுரைகள் வந்தன. பழைய பிளேஸ்டேஷன் கருவிகளுக்காக வாங்கியவர்களுக்கோ விளையாட்டு தடுக்கி விழுந்தது, நின்றது. சுமார் ஒரு வாரத்தில் சோனி கம்பெனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது.

இத்தனையும் சேர்ந்து பத்திரிகைகளை அடித்துப் போட்டன. "நிண்டெண்டோ பவர்" 2012 டிசம்பரோடு நின்றது. பிரிட்டனில் "கேம்ஸ் டி.எம்.", "கேம்ஸ்மாஸ்டர்" இரண்டும் 2018 நவம்பரில் ஒன்றாக மூடப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் கருவிக்கான அதிகாரப்பூர்வப் பத்திரிகை 2020-ல் போயிற்று. பிளேஸ்டேஷனுக்கென்று வந்துகொண்டிருந்த "பிளே" 2024 அக்டோபரில் போயிற்று.

ஆகவே முதல் கணக்கு இது. செய்திக்காகவோ, ரகசியத்துக்காகவோ, "இன்றே இதை வாங்கலாமா?" என்ற அவசரப் பதிலுக்காகவோ பத்திரிகை வாங்குவதானால் வேண்டாம். அது கிணற்றடியில் இருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குவது போல.

யார் கொடுக்கும் காசு?

அப்படியானால் கதை முடிந்துவிட்டதா? இல்லை. ஓசியில் கிடைக்கும் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும் அல்லவா?

எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் வேண்டும். வாசகர் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது விளம்பரதாரர். விளையாட்டைப் பற்றிய தளத்தில் யார் விளம்பரம் செய்வார்? விளையாட்டைத் தயாரிக்கிறவர்தான்! தன் காசில் நடக்கும் இடத்தில் தன் சரக்கைக் குறை சொன்னால் யாருக்குப் பொறுக்கும்?

2007 நவம்பரில் நடந்த ஒரு சம்பவத்தை இந்தத் துறையில் உள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். "கேம்ஸ்பாட்" என்ற அமெரிக்க இணையதளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் மூத்த ஆசிரியர். "கேன் அண்டு லிஞ்ச்" என்ற விளையாட்டுக்குச் சுமாரான மார்க் போட்டார். அதே சமயம் அந்தத் தளம் முழுவதும் அந்த விளையாட்டின் விளம்பரமே பளபளத்துக்கொண்டிருந்தது. சில நாட்களில் கெர்ஸ்ட்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது யாரும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2012-ல் அவரே பேசினார். மார்க்குகளைப் பார்த்து விளம்பரதாரர்கள் முகம் சுளித்ததும், அதைத் தாங்க முடியாத நிர்வாகத்தின் நெருக்கடியுமே தன் வேலையைக் குடித்தன என்று விளக்கினார்.

இது இணையத்துக்கு மட்டும் உள்ள நோய் என்று எண்ணிவிடக் கூடாது. அச்சுப் பத்திரிகைகளும் விளம்பரத்தில்தான் கொழுத்தன. காகிதத்தில் அச்சடித்ததாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆனால் வாசகரின் காசு வரவில் பெரும் பங்காக இருக்கும்போது ஆசிரியருக்கு முதுகெலும்பு நிமிர்கிறது. அந்தப் பங்கு குறையக் குறைய முதுகும் வளைகிறது. இதுதான் சூட்சுமம்.

"கேம் இன்ஃபார்மர்" கதையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1991-ல் விளையாட்டு விற்கும் ஒரு கடைத்தொடரின் சிற்றிதழாக அது பிறந்தது. பிறகு அந்தக் கடைகளை "கேம்ஸ்டாப்" கம்பெனி வாங்கியபோது பத்திரிகையும் கூடவே போயிற்று. கேம்ஸ்டாப்பில் ஆண்டுக்குப் பதினைந்து டாலர் கட்டி உறுப்பினர் ஆனால், கடையில் தள்ளுபடியும் கிடைக்கும், பத்திரிகையும் வீடு தேடி வரும். தள்ளுபடிக்காகச் சேர்ந்தவர்கள் ஏராளம். இப்படியே 2010-ல் விற்பனை 50 லட்சம் பிரதிகளை எட்டியது. அமெரிக்காவிலேயே அதிகமாக விற்பனையாகும் ஐந்து பத்திரிகைகளுள் ஒன்றாயிற்று.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அதை எழுதியவர்கள் திறமைசாலிகள், உழைப்பாளிகள். அதில் சந்தேகமில்லை. ஆனால் 50 லட்சம் பேர் வாங்கியும் அந்தப் பத்திரிகை சொந்தக் காலில் நிற்கவில்லை. கடையின் தோளில் உட்கார்ந்திருந்தது. கடைக்குக் கஷ்டகாலம் வந்தது. விளையாட்டுகளை இணையத்தில் இறக்கிக்கொள்ளத் தொடங்கிய மக்கள் கடைக்கு வருவது குறைந்தது. ஒருநாள் கடை தோளை உதறியது. பத்திரிகை கீழே விழுந்தது.

இதற்கு நல்ல முடிவும் உண்டு. 2025 மார்ச்சில் "கன்ஸில்லா கேம்ஸ்" என்ற கம்பெனி அதை வாங்கிப் பழைய ஊழியர்களையே திரும்ப அழைத்துக்கொண்டது. அணைந்த இணையதளமும் மீண்டும் எரிந்தது. அச்சு இதழும் திரும்ப வந்தது. வாசகர்களுக்கு ஆனந்தம். ஆனால் புது முதலாளியும் விளையாட்டுத் தயாரிக்கும் கம்பெனிதான் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர் குழு தன்னிச்சையாக நடக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாக்கு நிலைக்க வேண்டுமானால் நேரே காசு கொடுக்கும் வாசகர்கள் வேண்டும்.

தீர்ப்பு சொல்கிறவர்கள்

இனி வரவுப் பக்கம் பார்ப்போம். நல்ல பத்திரிகையில் காசுக்கு உண்டான சரக்கு எது?

முதலாவது, தீர்ப்பு. ஜப்பானின் "ஃபாமிட்சு" ஒரு வாரப் பத்திரிகை, 1986-ல் தொடங்கியது. ஒரு விளையாட்டை நான்கு பேர் தனித்தனியே ஆடிப் பார்த்து ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். நாற்பதுக்கு நாற்பது வாங்கிய முதல் விளையாட்டு 1998-ல் வந்த "செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்". அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன! அந்தக் கஞ்சத்தனத்தால்தான் அந்த மார்க்குக்கு மதிப்பு வந்தது.

பிரிட்டனின் "எட்ஜ்" 1993 அக்டோபரில் பிறந்தது. நான்கு வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்குப் பதின்மூன்று இதழ். அது பத்துக்குப் பத்து கொடுத்த முதல் விளையாட்டு 1996-ல் வந்த "சூப்பர் மாரியோ 64". விமர்சனங்களுக்குக் கீழே எழுதியவர் பெயர் போடாமல், பத்திரிகையின் ஒருமித்த தீர்ப்பாகவே வெளியிடுவது அதன் வழக்கம்.

1994-ல் "டூம்" என்ற விளையாட்டு உலகையே ஆட்டி வைத்தபோது "எட்ஜ்" அதற்கு ஏழு மார்க்தான் போட்டது. சுட்டுத் தள்ளுவதோடு நிற்காமல் அந்தப் பூதங்களோடு பேசவும் முடிந்தால் எப்படியிருக்கும் என்று அங்கலாய்த்தது. வாசகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. ஆனால் எதிராளியோடு பேசிப் பழகி வழியைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுகள் பிற்காலத்தில் எத்தனையோ வந்து வெற்றி பெற்றன. கூட்டம் போகும் திசையைப் பார்க்காமல் தன் மனத்தில் பட்டதைச் சொன்ன விமர்சனம், தவறாக இருந்தாலும்கூட, சிந்திக்க வைக்கிறது. ஓசியில் கிடைக்கும் ஆயிரம் புகழுரைகளில் அது கிடைப்பதில்லை.

இரண்டாவது, நிதானம். மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறவருக்கு ஒரு விளையாட்டை முடிவு வரை ஆடிப் பார்க்க நேரம் உண்டு. தயாரித்தவர்களை நேரில் கண்டு, எப்படிச் செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று கேட்டு எழுத இடம் உண்டு. பழைய விளையாட்டுகளைப் பற்றியே எழுதும் "ரெட்ரோ கேமர்" 2004-ல் பிறந்தது. அடுத்த ஆண்டே அதை வெளியிட்ட கம்பெனி நொடித்துப்போனது. ஆனாலும் வேறொருவர் எடுத்து நடத்த, அது பிழைத்துக்கொண்டது. காரணம், நாற்பது ஆண்டுக்கு முந்திய விளையாட்டைச் செய்தவர்களின் வாய்மொழி அதில் கிடைக்கிறது. அது நாளைக்குப் பழையதாகிவிடும் சமாசாரம் அல்ல.

சரித்திரத்துக்கு ஒரு பிரதி

மூன்றாவது சரக்கை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

அமெரிக்காவில் "வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்" என்ற ஓர் அமைப்பு விளையாட்டுகளின் வரலாற்றைக் காத்து வருகிறது. 2023-ல் அது ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று கண்டது. நூற்றுக்கு எண்பத்தேழு! ஒரு நாட்டில் அச்சான பழைய புத்தகங்களில் பெரும்பாலானவை கிடைக்காமல் போனால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

விளையாட்டு கிடைக்காதபோது அதைப் பற்றி எழுதியதாவது மிஞ்ச வேண்டாமா? அதே அமைப்பு 2025 ஜனவரியில் ஓர் இணைய நூலகத்தைத் திறந்தது. அதில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளின் 1,500-க்கு மேற்பட்ட இதழ்களைச் சொல் தேடிப் படிக்கும்படி சேர்த்து வைத்திருக்கிறது. அந்த இதழ்கள் எங்கிருந்து கிடைத்தன? என்றோ யாரோ காசு கொடுத்து வாங்கி, குப்பையில் போடாமல் வைத்திருந்ததால்தான் கிடைத்தன. அன்று பையனின் அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த "தண்டச் செலவு" இன்று ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆவணம்.

கைப்பேசியில் படிக்கும் டிஜிட்டல் பிரதிக்கு இந்த ஆயுள் கிடையாது. 2023 செப்டம்பரில் அமேசான் கம்பெனி தன் கிண்டில் கருவியில் தனித்தனிப் பத்திரிகைச் சந்தாக்கள் விற்பதை நிறுத்திவிட்டது. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சரி, எப்படி முடிவு செய்வது? வழி சொல்கிறோம்.

ஒன்று: எடுத்த எடுப்பில் ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். ஓர் இதழை மட்டும் வாங்கிப் பாருங்கள். பொது நூலகத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. மேல்நாட்டு நூலகங்கள் பலவற்றில் "லிப்பி" என்ற செயலி மூலம் பத்திரிகைகளை இரவலாகவே படிக்கலாம்.

இரண்டு: நீங்கள் ஏற்கெனவே ஆடி முடித்த விளையாட்டின் விமர்சனத்தை முதலில் படியுங்கள். எழுதியவர் உண்மையில் ஆடியிருக்கிறாரா, அட்டையைப் பார்த்து எழுதினாரா என்பது இரண்டு பாராவில் தெரிந்துவிடும். அவர் தீர்ப்பு உங்களுக்கு உடன்பாடாக இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்கிறாரா என்பதே முக்கியம்.

மூன்று: மார்க்குகளை வரிசையாகப் பாருங்கள். எல்லாமே எட்டும் ஒன்பதுமாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் முதல் வகுப்பில் தேறும் பள்ளிக்கூடத்தை யார் நம்புவார்?

நான்கு: வெளியிடுபவர் யார் என்று பாருங்கள். விளையாட்டுக் கம்பெனியா, கடைக்காரரா, பத்திரிகைத் தொழிலையே செய்பவரா? முதல் இரண்டாக இருந்தால் படிக்கக் கூடாது என்பதில்லை. உப்பை அளவாகப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

ஐந்து: செலவைக் கணக்கிடுங்கள். பெரிய கம்பெனிகளின் புது விளையாட்டுகள் 2020-லிருந்து 70 டாலர் ஆயின. 2025-ல் வந்த "மாரியோ கார்ட் வேர்ல்டு" 80 டாலர். ஒரு விமர்சனத்தைப் படித்து, வேண்டாத விளையாட்டு ஒன்றை வாங்காமல் விட்டாலே பல மாத இதழ்களுக்கான காசு மிச்சம். அப்படி ஒருமுறைகூட உங்களைத் தடுக்காத பத்திரிகை உங்களுக்குப் பயன்படவில்லை என்று பொருள்.

ஆறு: இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு சந்தா கட்டுங்கள். ஆளுக்கு ஒரு வாரம் படிக்கலாம். பிறகு இதழ்கள் யார் வீட்டில் இருப்பது என்பதில் மட்டும் சண்டை வரக் கூடும்!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டே கதியென்று கிடக்கும் பையன் கையில் ஒரு நல்ல பத்திரிகையைக் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் ஓயும், கண் படிக்கும். இந்த விளையாட்டு ஏன் நன்றாக இருக்கிறது, அது ஏன் நன்றாக இல்லை என்று காரணம் சொல்லக் கற்றுக்கொள்வான். அந்தப் பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடாது.

முடிவாக

அவசரக்காரருக்குப் பத்திரிகை வேண்டாம். செய்தி மட்டும் போதும் என்பவருக்கும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரே ஒரு விளையாட்டு வாங்கி அதையே ஆடிக்கொண்டிருப்பவருக்கும் வேண்டாம்.

பல விளையாட்டுகளை வாங்குபவர், வாங்குமுன் யோசிப்பவர், ஆடியதைப் பற்றிப் பேசவும் படிக்கவும் ஆசைப்படுபவர், இவர்கள் வாங்க வேண்டும். எல்லாப் பத்திரிகையையும் அல்ல; பார்த்துத் தேர்ந்த ஒன்றே ஒன்றை. அந்த ஒன்றுக்கு நேரே காசு கொடுத்து வாங்க வேண்டும். நாம் கொடுக்கும் காசில் நடக்கும் பத்திரிகைதான் நமக்காகப் பேசும். வேறொருவர் காசில் நடப்பது அவர் நிறுத்தச் சொன்னால் நின்றுவிடும்.

வாங்கியதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முப்பது ஆண்டு கழித்து யாராவது தேடி வருவார்கள்.